ஊதுகுழலில் பல் தடங்கள்

என் அலமாரியிலுள்ள பழம்பொருள்கள் எல்லாவற்றிலும் தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருக்கிறேன். அடுப்பு ஊதும் இந்த மூங்கில் குழலில் மட்டும் சீட்டு இல்லை. அது எந்தக் கதையோடு என்னிடம் வந்ததோ, அந்தக் கதை நடந்த நாளை யாரும் குறித்து வைக்கவில்லை. ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பிய காலம். எனவே முப்பதுகளின் தொடக்கம் என்பதுவரை உறுதி. குழலின் வாய்ப்புறத்தில் பல் தடங்கள் இருக்கின்றன.

குழல் என் அண்ணியுடையது. புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அண்ணனும் அவளும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம். அவளும் நானும் அடுத்தடுத்த மர நிரைகளில் பால் வெட்டினோம். அவளுடைய முதல் பிரசவத்தில், வலி கண்டதிலிருந்தே லயத்துப் பெண்கள் சூழ்ந்து நின்று "முக்கு, முக்கு" என்று கத்தினார்கள். அதுதான் வழக்கம். முக்காதவள் சோம்பேறி. ஒரு பகலும் ஓர் இரவும் முக்கினாள். பிள்ளை பிழைத்தான், அவளுக்கு அடி இறங்கிப்போயிற்று. பிறகு காண்டாக் கம்பின் இரு முனையிலும் பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் ஏற்றும்போதெல்லாம் கருப்பை கீழே நழுவி வரும். தும்மல் வந்தால் கால்களைப் பின்னிக்கொள்வாள். சில மரங்களுக்கு ஒருமுறை வாளிகளை இறக்கி, மறைவாகச் சாய்ந்து நின்று, விரலால் உள்ளே தள்ளிவிட்டு நடப்பாள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் அதட்டினால், "பட்டையப் பாக்கறேன் ஐயா" என்பாள். வாளி தூக்க முடியாதவர்களின் பெயரை வெட்டுவார்கள். பெயர் வெட்டினால் கப்பல்.

அந்த நிலையில்தான் மறுபடி உண்டானாள். "இன்னொரு தடவ அப்படி முக்குனா மொத்தமும் வெளிய வந்துரும் புள்ள," என்று ஒருநாள் நிரையில் வைத்து என்னிடம் சொன்னாள். "அப்புறம் குடும்பத்தோட கப்பல்தான்."

மழையால் பால்வெட்டு இல்லாத ஒரு காலையில் வலி வந்தது. மருத்துவச்சி உத்தரத்தில் கயிறு கட்டி, "புடிச்சுக்கிட்டு முக்குடி" என்றாள். அண்ணி கயிற்றைத் தொடவில்லை. ஒருக்களித்துப் படுத்து, அடுப்படியிலிருந்து குழலை எடுத்துத் தரச் சொன்னாள். வலி எழும்போதெல்லாம் அதில் ஊதினாள். மூச்சு வெளியே போய்க்கொண்டிருந்தால் முக்க வராது என்பதை அடுப்படியிலேயே கண்டு வைத்திருக்கிறாள்.

"அடுப்பு ஊதவா என்னயக் கூப்புட்ட?" மருத்துவச்சி கேட்டதும் பெண்கள் சிரித்தார்கள்.

"போன தடவ நீங்க சொன்னப்ப முக்குனேன் அத்தை. இந்தத் தடவ என் ஒடம்பு சொல்லட்டும்."

உச்சிப்பொழுது தாண்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. "புள்ள உள்ளயே மூச்சு முட்டிப் போனா எம்மேல பழி போடாத," என்றாள் மருத்துவச்சி. மூத்தவனை இடுப்பில் வைத்து வாசலில் நின்ற அண்ணன், "சொல்றதக் கேளு புள்ள" என்று கெஞ்சினார். அண்ணியின் தலை என் மடியில் இருந்தது. யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. தகரக் கூரையில் மழை, குழலில் அவள் மூச்சு. அந்த ஓசை நிற்கும்போதெல்லாம் குனிந்து அவள் வாயைப் பார்த்தேன். ஒரு வலியில் ஊத முடியாமல் குழலைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வலியில் குழல் தரையில் உருண்டது. "இப்ப," என்றாள். முழங்காலில் எழுந்து, இடையிடையே மூச்சை விட்டுவிட்டு, சிறிது சிறிதாக முக்கினாள். பெண் பிள்ளை. அது அழச் சற்று நேரமாயிற்று. அந்த நேரத்தில் யாரும் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இறங்கியது ஏறிவிடவில்லை, மேலும் இறங்கவும் இல்லை. உடம்பு தேறியபின், முன்போலவே மரத்துக்கு மரம் நின்று நின்று வாளி தூக்கினாள். பெயர் வெட்டுப்படவில்லை.

சில வாரங்கள் கழித்து, எதிர் லயத்தில் ஒருத்திக்கு வலி கண்டது. மருத்துவச்சி எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"அந்தக் குழலக் குடு."

"அடுப்பு ஊதவா அத்தை?" என்று கேட்டபடியே அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பின் குழல் எத்தனை பிரசவ வீடுகளுக்குப் போய் வந்ததோ. அண்ணி இப்போது இல்லை. அன்று பிறந்த மகள் வரும்போதெல்லாம் குழலைக் கையிலெடுத்து, தன் அம்மாவின் பல் தடம் எது என்று கேட்கிறாள். விரலால் தடவிப் பார்க்கிறேன். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதிந்து கிடக்கின்றன. என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.