பின்னோக்கி நடப்பவள்

நாடாளுமன்ற நடைக்கூடத்தில் நெரெய்தா பின்னோக்கி நடந்துகொண்டிருக்கிறாள். எதிரே ஒரு செனட்டர் முன்னோக்கி விரைந்து வருகிறார். ஓட்டெடுப்புக்கு மணி அடித்துவிட்டது. மணி அடித்தால், ஓட்டுப் போடும் அவைக்குப் போகிற நிலவறை ரயிலைப் பிடிக்க எல்லாரும் ஓடுவார்கள். ஓடுகிறவர் பக்கத்தில் நடந்தால் முகம் கொடுக்காமலே போய்விடுவார் என்பது நெரெய்தாவின் கண்டுபிடிப்பு. அதனால் அவர் முன்னால் போய், அவர் வேகத்துக்கே பின்பக்கமாக நடப்பாள். பளிங்குத் தரை, திருப்பங்கள், பள்ளிச் சுற்றுலா வந்த பிள்ளைகள், எதையும் திரும்பிப் பார்க்க மாட்டாள். ஒரு கை மட்டும் முதுகுக்குப் பின்னால் காற்றை விலக்கிக்கொண்டே வரும். அந்தக் கையைப் பார்த்து நாங்கள் ஆட்களை ஒதுக்குவோம்.

"நீங்க நடங்க சார், நிக்க வேணாம். நான் முட்டிக்கிட்டா என் மண்டை, உங்களுக்கு என்ன?"

சிரிக்காத செனட்டர்கள் குறைவு. சிரித்தவர் வாயை அவள் பார்த்துவிடுவாள். அதுதான் அவளுக்கு வேண்டியது.

வாரத்தில் பாதி நாள் அவள் மேரிலாந்தில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். மீதி நாள் இங்கே. அவள் உட்கார்ந்து நான் பார்த்த ஒரே நாற்காலி அந்த மருத்துவமனையில்தான், அதற்கும் சக்கரம் இருந்தது. யார் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவார் என்று செய்தித்தாள்கள் பக்கம் பக்கமாக எழுதும். நெரெய்தா பல்லைப் பார்த்துச் சொல்வாள். "அந்த ஹால்வர்சன் ராத்திரியெல்லாம் பல்லைக் கடிக்கிற ஆளு. கடவாப் பல்லு தேஞ்சு தட்டையாக் கெடக்கு. தூக்கம் வரலைன்னா மனசு ரெண்டா இருக்குன்னு அர்த்தம். இவரை விடாதீங்க." பளபளவென்று புதுப்பல் கட்டியவர்களிடம் அவள் நேரத்தை வீணாக்குவதில்லை. "அது முடிவு பண்ணின வாய்" என்பாள்.

நாங்கள் என்றால், நடை பழகும் வயதிலோ அதற்கும் முன்னரோ பெற்றோரோடு இந்த நாட்டுக்குள் வந்து, குடியேற்றக் காகிதம் இல்லாமலே வளர்ந்து, பள்ளியும் கல்லூரியும் முடித்தவர்கள். கையில் இருப்பது வேலை செய்ய ஓர் அனுமதி. அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், எந்த நீதிமன்றமும் எந்தக் காலையிலும் ரத்து செய்துவிடலாம். நிரந்தரமாகத் தங்க ஒரு மசோதா கேட்டு இந்தக் கட்டடத்துக்குள் வரும்போது பட்டமளிப்பு அங்கியும் சதுரத் தொப்பியும் அணிந்து வருவது எங்கள் வழக்கம். ஜூலை வெயிலிலும் அப்படித்தான். நெரெய்தாவின் அங்கி ஓரம் கிழிந்து ஊக்கு போட்டிருக்கும். பின்னோக்கி நடக்கிறவர்களின் அங்கியைத்தான் முன்னோக்கி வருகிறவர்கள் மிதிக்கிறார்கள்.

அவள் பிறந்தது மெக்சிகோவில் வெராக்ரூஸ். வளர்ந்தது ஜார்ஜியாவில் டால்டன். டால்டன் முழுக்கக் கம்பள ஆலைகள். அம்மா எல்வியா இன்றும் அங்கே தறியில் நிற்கிறாள். எந்தச் செனட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் நெரெய்தா செருப்பு முனையால் கம்பளத்தின் ஓரத்தைப் புரட்டிப் பார்ப்பாள். "எங்க ஊரு சரக்கு. எங்கம்மா கை பட்டதா இருக்கும், மெதுவா மிதிங்க" என்பாள், வரவேற்பு மேசையில் இருக்கும் பெண்ணிடம் கூட.

புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் பேசக் கற்றுக்கொடுப்பது அவள்தான். லிஃப்ட் கதவு மூடுவதற்குள் வாழ்க்கையைச் சொல்லி முடிக்க வேண்டும். எங்கள் கதைகள் எல்லாம் வேறு வேறு, முடிவது மட்டும் ஒரே வரியில். அந்த வரி நெரெய்தாவுடையது. "நான் இந்த நாட்டுக்குள்ள நடந்து வரலை. என்னைத் தூக்கிட்டு வந்தாங்க." இதைச் சொன்னால் கல்முகமும் இளகும். நானும் சொல்லியிருக்கிறேன், கண்ணாடி முன்னால் பலமுறை, ஆட்கள் முன்னால் சிலமுறை.

இன்னொரு விதியும் அவள் போட்டதுதான். பெற்றோர் யாரும் புகைப்படத்தில் வரக்கூடாது. "பெரியவங்க மூஞ்சியைப் பாத்தா அவனுங்களுக்கு எல்லைச்சுவர் ஞாபகம் வருது. நம்ம மூஞ்சியைப் பாத்தா சொந்தப் புள்ளைங்க ஞாபகம் வரும்." ஊர் ஊராகப் பேருந்தில் எங்களோடு வரும் அம்மாக்கள் அதனால் எப்போதும் ஏதாவது மரத்தடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்பார்கள். எல்வியா வாழை இலையில் மடித்து அவித்த சோளமாவுத் தமாலே கொண்டுவருவாள். அங்கி போட்டவர்கள் முறை வைத்து ஓடிப்போய் நின்றபடியே தின்றுவிட்டு வருவோம். போகும்போதெல்லாம் அவள் எங்கள் தோளிலிருந்து நூல் பிசிறைப் பொறுக்கி எடுப்பாள். ஆலைப் பழக்கம்.

ஒரு நாள் மதியம் ஹால்வர்சனின் உதவியாளர் பிரெண்டன் எங்களைத் தேடிக்கொண்டு நடைக்கூடத்துக்கே வந்தான். பிரெண்டன் நல்லவன். எங்கள் பெயர்களைச் சரியாக உச்சரிப்பான்.

"நெரெய்தா, நல்ல சேதி. அவர் சரின்னுட்டாரு."

"பல்லைக் கடிச்சுக்கிட்டேவா?"

"இந்தத் தடவை இல்ல. உங்க எல்லாருக்கும் நிரந்தரமா இங்க தங்க அட்டை, அப்புறம் குடியுரிமை. மசோதாவுல எழுதியாச்சு." ஜோவன் என் தோளை இறுக்கிப் பிடித்தான். ஜோவன் பிலிப்பைன்ஸ்காரன், எங்களில் மூத்தவன், எளிதில் எதையும் நம்பாதவன். பிரெண்டன் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினான். "ஒண்ணே ஒண்ணுதான். பெத்தவங்களுக்கு அட்டை கேட்டு நீங்க யாரும் மனுப் போட முடியாது."

"எதுவரைக்கும்?"

"எப்பவுமே. நீங்க குடிமக்கள் ஆனதுக்கு அப்புறமும்."

நெரெய்தா நின்ற இடத்திலேயே குதிகாலை மாற்றி மாற்றி வைத்தாள். "இந்த யோசனை யாரோடது?"

"உங்களோடதுதானே." அவன் நிஜமாகவே வியந்தான். "வசந்த காலத்துல லிஃப்ட் வாசல்ல அவர்கிட்ட சொன்னீங்களே, தூக்கிட்டு வந்தாங்கன்னு. அது அவருக்கு அப்படியே புடிச்சுப்போச்சு. தூக்கி வந்த புள்ளை மேல தப்பில்ல, தூக்கிட்டு வந்தவங்க மேலதான் தப்புன்னு சொல்லித்தான் இழுத்துக்கிட்டிருந்த மத்த செனட்டர் அத்தனை பேரையும் மடக்கிட்டாரு. இந்தப் பிரிவை எடுத்தா ஓட்டு பத்தாது. அவங்க சொல்ற மாதிரி இது கருணையும் ஆச்சு, தண்டனையும் ஆச்சு."

நெரெய்தா செருப்பு முனையால் பளிங்குத் தரையைத் தேய்த்தாள்.

"சாயங்காலம் வெளியே புல்வெளியில பத்திரிகைக்காரங்க வர்றாங்க. அவர் பக்கத்துல நின்னு அந்த ஒரு வரியை நீங்க சொல்லணும். நீங்க சொன்னாத்தான் எடுபடும். நீங்க இல்லன்னா அவர் பின்வாங்கிடுவாரு, நெரெய்தா. அது உங்களுக்கே தெரியும்."

அவன் போனதும் அவள் நடக்கத் தொடங்கினாள். நடைக்கூடத்தின் அந்த முனை வரை, இந்த முனை வரை. நாங்கள் பின்னால். ஜோவன்தான் பேசினான்.

"வாங்கிக்கலாம். எனக்கும் அம்மா இருக்கு, இல்லாம இல்ல. முதல்ல நாம உள்ள போவோம். உள்ள போயிட்டு அவங்களுக்குக் கதவைத் திறக்கலாம்."

"உள்ள போயி நம்ம கையாலேயே தாழ்ப்பாள் போடச் சொல்றாங்க, ஜோவன்."

"சரி, வேணாம்னு சொல்லிட்டோம்னு வச்சுக்க. அடுத்த வருஷம் கோர்ட்டு அனுமதியைப் புடுங்கிடுச்சுன்னா? அப்ப நீ யார் முன்னாடி பின்னாடி நடப்ப? அம்மாவையும் பொண்ணையும் ஒரே விமானத்துல நாடு கடத்தட்டும்னு பாக்கறியா?"

"என் வரிடா அது." அவள் குரல் உயரவில்லை. "நாந்தான்டா எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன். அவங்க மனசு இளகட்டும்னு."

எங்களில் ஒவ்வொருவரும் அந்த வரியைச் சொன்னவர்கள்தான். சொல்லும்போது யார் தூக்கினார்கள் என்று யோசித்ததில்லை. அந்த வாக்கியத்தில் அவர்களுக்கு முகம் இல்லை, கைகள் மட்டும்தான் இருந்தன.

சாயங்காலம் புல்வெளியில் ஒலிவாங்கிகள் நட்டிருந்தார்கள். அங்கிகள் வரிசையில் நின்றன. நடுவில் ஹால்வர்சன், அவர் பக்கத்தில் நெரெய்தாவுக்கு ஓர் இடம். கேமராக்காரர் ஒருவர் மரத்தடி அம்மாக்களை இன்னும் தள்ளி நிற்கச் சொல்லிக் கையை ஆட்டினார். அவர்களுக்குப் பழக்கம்தான். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு தள்ளினார்கள்.

நெரெய்தா தன் இடத்துக்குப் போகாமல் மரத்தடிக்குப் போனாள். நான் வரிசையின் கடைசியில் நின்றதால் அவர்கள் பேசியது கேட்டது.

எல்வியாவுக்குச் செய்தி முன்பே தெரிந்திருந்தது. பேருந்தில் வந்த அம்மாக்களுக்கு எல்லாம் எங்களுக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. மகளின் தோளிலிருந்து ஒரு பிசிறை எடுத்து ஊதிவிட்டாள்.

"இங்க எதுக்கு வந்த? போடி, ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க."

"அம்மா, உன்னை எப்பவுமே விட்டுடச் சொல்றாங்க."

"எனக்கு எதுக்கு அட்டை? தறி அட்டை கேக்குதா? இத்தனை வருஷம் ஓட்டலையா?"

"தப்பு உன் மேலதான்னு நான் மைக்ல சொல்லணுமாம்."

"சொல்லேன். தூக்கிட்டு வந்தது நிசந்தானே?" எல்வியா சிரித்தாள். "முதுகுல கட்டி ராவும் பகலும் தூக்கிட்டு வந்தேன். கல்லு மாதிரி கனம். வழியெல்லாம் என் காதைக் கடிச்சுக்கிட்டே வந்த. அப்பவே உனக்குப் பல்லு மேலதான் புத்தி. போ, போய் நில்லு. அந்த மனுசன் தாடையைப் பாரு, அரைக்கிறான்."

ஹால்வர்சன் உண்மையில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிரெண்டன் விளிம்பில் நின்று நெரெய்தாவை நோக்கி இரு கைகளாலும் சைகை காட்டினான். கட்டடத்துக்குள் மணி அடிக்கத் தொடங்கியது, ஓட்டெடுப்பு. இன்னும் கொஞ்ச நேரம்தான் அவர் நிற்பார்.

நெரெய்தா அம்மாவின் கையிலிருந்த பெட்டியை வாங்கித் தரையில் வைத்தாள். பிறகு அம்மாவுக்கு முன்னால் போய், முகத்துக்கு நேராக நின்றாள்.

"அம்மா, ஒரே ஒரு நிமிஷம். நீ நட. நிக்க வேணாம்."

"ஏய், என்னடி பண்ற? படத்துல வரக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"நட, சொல்றேன்."

அவள் பின்னோக்கி ஓரடி வைத்தாள். எல்வியா திட்டிக்கொண்டே ஓரடி வைத்தாள். இன்னோரடி. புல் ஈரமாக இருந்தது. கேமராக்காரர் "அந்த அம்மாவை ஒதுக்குங்க" என்று கத்தினார். ஹால்வர்சன் தாடை அசையாமல் நின்றார். நெரெய்தா எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் வரிசையை நெருங்கியதும் அவளுடைய ஒரு கை முதுகுக்குப் பின்னால் வந்து, விலகு, விலகு என்று காற்றைத் தள்ளியது.