மேசையில் வாங்கி வைத்த லென்ஸ்

பார்வை உள்ள ஒரு பெண்ணைப் பார்வையற்றவள் என்று எழுதி, அவளுடைய வாக்குச்சீட்டை அவள் கணவன் கையில் கொடுத்தவன் நான். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அப்போது கள்ளக்குறிச்சியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். ஊராட்சித் தேர்தலில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரின் வாக்குச்சாவடிக்கு என்னைத் தலைமை அலுவலராகப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு நாலு நிறத்தில் நாலு சீட்டு. மத்தியானம் வரிசை நீண்டுகொண்டே போனது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சீட்டுகளை வாங்கியதும், முந்தானை முடிச்சிலிருந்து கைப்பிடி வைத்த லென்ஸ் ஒன்றை எடுத்தாள். ஒரு சீட்டை மூக்கருகே கொண்டுபோய், முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு சின்னங்களைத் தேடினாள்.

"இன்னாமே, சோசியமா பாக்கற?" என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

அவள் கணவன் முன்னால் வந்தான். "கண்ணு தெரியாது சார். நான் கூடப் போயி குத்திடறேன்." வார்டு உறுப்பினர் பதவிக்கு நின்றவர்களில் ஒருவர் அவனுடைய அண்ணன்.

"தெரியும் சார்," என்றாள் அவள். "நடுவுலதான் பொகையாட்டம் மறைக்கும். ஓரத்துல பாத்தா தெரியுது. கொஞ்ச நேரம் குடுங்க, நானே குத்திக்கறேன்."

என்னிடம் பேசும்போதும் அவள் கண் என் தோளுக்கு அப்பால் எங்கோ இருந்தது. என் முகத்தையே பார்க்க முடியாதவளுக்குச் சின்னம் எப்படித் தெரியும் என்று முடிவு கட்டிவிட்டேன். லென்ஸை வாங்கி மேசையில் வைத்தேன். துணையாளை அனுமதிக்கும் படிவத்தில் கையெழுத்திட்டேன்.

மறைப்புக்குள்ளிருந்து அவள் குரல் கேட்டது. "இன்னாத்துல குத்தன?"

"நம்ப அண்ணனுக்குத்தான். வேற யாருக்கு?"

சாவடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மாலையில் மேசைமேல் கிடந்ததையெல்லாம் அவசரமாகப் பைக்குள் தள்ளினேன். லென்ஸ் என் வீட்டு இழுப்பறைக்கு வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுக்க நினைத்ததுண்டு. அதற்காக ஒரு மலை ஏற வேண்டுமா என்று விட்டுவிட்டேன்.

ஓய்வு பெற்ற பின், செய்தித்தாளில் நான் பார்க்கும் சொல் மட்டும் அழிந்துபோகத் தொடங்கியது. விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது, மூக்குக் கண்ணாடியை மாற்றிப் பயனில்லை என்றார் மருத்துவர். ஓரப் பார்வையைப் பழகச் சொன்னார். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, எழுத்து தெளியும்வரை தாளை நெருக்கிக் கொண்டுவர வேண்டுமாம். வீட்டுக்கு வந்து இழுப்பறையைத் துழாவினேன். கைக்கு வந்தது அவளுடைய லென்ஸ். அதைப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி, ஒரு வரி படித்தேன்.

மறுநாள் மலைக்குப் பஸ் ஏறி, ஊரில் விசாரித்து அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலில் சாமை காயப் போட்டுக்கொண்டிருந்தாள். யாரென்று சொல்லி, செய்ததையும் சொல்லி, லென்ஸை நீட்டினேன்.

"பக்கத்து வூட்டுக்காரிதான் கண்ணு கேம்புக்கு ஜீப்புல இட்டுகினு போயி இத வாங்கிக் குடுத்தா. அந்த வாட்டி அவளும் வார்டுக்கு நின்னா சார். அவளுக்குக் குத்தத்தான் வந்தேன்." சற்று நேரம் சாமையைக் கிளறினாள். "தொலைச்சிட்டேன், இன்னொன்னு குடுன்னு எந்த மூஞ்சிய வச்சிகினு கேக்கறது?"

அவளை என் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். விளக்கு வைத்த லென்ஸ் ஒன்று வாங்கித் தந்தேன். லென்ஸ் இருந்தால் இவரே படித்துக்கொள்வார் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அடுத்த தேர்தலில் அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டு அவள் தனியாக உள்ளே போனாள். நான் தூரத்தில் நின்றிருந்தேன்.

இந்த முறையும் நின்றிருந்த அவள் கணவனின் அண்ணன் தோற்றுப்போனான்.

ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். "வூட்டுக்காரரு ரெண்டு லென்சையும் அடுப்புல போட்டுட்டாரு சார். வூட்ல யாரும் பேசறதில்ல. பரவால்ல, குத்தினது குத்தினதுதான்."

வேறு வாங்கி வருவதாகச் சொன்னேன்.

"இப்ப வராதீங்க. சண்ட ஜாஸ்தியாயிடும்."

பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து வைக்கலாமா என்று கேட்டேன்.

"அவளாண்ட குடுத்தா இன்னும் ஜாஸ்தி. உங்களாண்டயே இருக்கட்டும்."

இன்னொன்று வாங்கிவிட்டேன். மறுபடியும் அவளுடைய லென்ஸ் என் இழுப்பறையில்தான் கிடக்கிறது.