அடைக்கூடையில் கடப்பாரை

பால்கனிக்கு வெளியே இடி இடித்ததும் என் கை இரும்புச் சாவிக்கொத்தை இறுகப் பிடித்தது.

எழுபதுகளில், எங்கள் கிராமமான நல்லேப்பிள்ளியில், அடைக்கோழியின் கூடைக்குள் இரும்பு இருக்கட்டுமென்று அரிவாள் வைப்போம். இல்லாவிட்டால் இடிச் சத்தத்தில் முட்டைகள் கெட்டுவிடுமாம். ஒருமுறை, குஞ்சு பொரிக்க இரண்டு நாள் இருக்கும்போது வானம் குமுறியது. அரிவாளோ அப்பாவுடன் வயலில். எட்டு வயதிலேயே விதி தவறாதவள் நான். கடப்பாரையை இழுத்துவந்து கூடைக்குள் செருகினேன். கோழி அலறிக்கொண்டு மழைக்குள் ஓடியது.

அம்மா முட்டைகளைச் சேலைத் தலைப்பால் மூடினாள். "ஆறிப்போனா அத்தனையும் செத்துப்போகுமடி. அசையாம நில்லு, அது வரட்டும்."

வைக்கோல் போரடியில் நின்ற கோழி கடப்பாரையையே பார்த்தது. அம்மா அதை உருவி எறிந்தாள்.

"இரும்பு வேண்டாமாம்மா?"

"மொதல்ல கோழி வேணும், பெரிய அதிகாரி!"

கோழி வந்து உட்கார்ந்தது. மூன்றாம் நாள் கூடை நிறையக் குஞ்சுகள்.

"பாத்தியா, இரும்பு வெச்சதுனால தப்பிச்சுது" என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

பால்கனிக்கு வெளியே இடி நின்றது. சாவிக்கொத்தைக் கீழே வைத்தேன்.