சுண்டுவிரல் இல்லாத படம்

நீங்கள் திருடினீர்கள். உங்கள் உப்பு பாக்கெட்டில் நிற்கும் பெண்ணின் படம் நான் வரைந்தது. இதைப் பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் பாக்கெட், நோட்டீஸ், கடை போர்டு டிசைன் செய்து பிழைக்கிறவன். இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் மாதிரிப் படம் கேட்டீர்கள். உப்பளத்தில் வேலை பார்த்த என் தங்கையை நிற்கவைத்துக் கையாலேயே வரைந்தேன். கையில் உப்பு வாரும் பலகை. காலில் ரப்பர் பூட்ஸ், ஒன்று கறுப்பு, ஒன்று நீலம். ஒரு கால் பூட்ஸ் கிழிந்தாலும் மற்றதை அவள் எறிய மாட்டாள்.

படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

“ஏண்ணே, இடது கையில நாலு வெரலுதான் இருக்கு. சுண்டுவெரல உப்பு தின்னுட்டாக்கும்?”

எண்ணிப் பார்த்தேன். உண்மைதான். “ஏளா, இரு. போட்டுருதேன்” என்றேன்.

“கெடக்கட்டும். இருக்குத வெரலயே ரேஷன் கடை மிஷினு எடுக்க மாட்டேங்கு. ஒண்ணு கொறஞ்சா என்ன?”

உப்பில் தேய்ந்து அவள் விரல்களில் ரேகையே கிடையாது. நானும் சிரித்துவிட்டு, படத்தை அப்படியே கொண்டுவந்து காட்டினேன். நீங்கள் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று திருப்பித் தந்தீர்கள்.

போன வருடம் அவள் செத்துப்போனாள். சிறுநீரகம் கெட்டுவிட்டது. பதினாறாம் நாள் சமையலுக்கு வாங்கிய உப்பு பாக்கெட்டில் அவள் நின்றாள், நாலு விரலோடு. என்னால் பிரிக்க முடியவில்லை. சமையல்காரர் வாங்கி வெட்டினார். கத்தரி அவள் நெற்றியில் போனது.

உங்கள் ஆபீசுக்கு வந்து, படம் என்னுடையது என்றேன்.

“லேபிளுக்கெல்லாம் காப்பிரைட்டாடே? நீ என்ன கோயில்லயா வரைஞ்சிருக்க?” என்றீர்கள்.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். உப்பு வாரும் பெண்ணை யாரும் வரையலாம், அந்த யோசனை யாருக்கும் சொந்தமில்லை என்றார். ஆனால் நான் போட்ட கோடு எனக்குச் சொந்தம். படம் அழகா என்று சட்டம் கேட்காது. வயிற்றுப்பாட்டுக்கு வரைந்ததா என்றும் கேட்காது. நீயே வரைந்தாயா என்றுதான் கேட்கும். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு என்றார்.

திரும்ப வந்து இதைச் சொன்னேன். பேச்சை மாற்றினீர்கள்.

“அது ஏஐ போட்ட படம்லா. அதுக்கு வெரலு எண்ணத் தெரியாது, ஊருக்கே தெரியும்.”

உங்கள் ஆட்கள் சிரித்தார்கள். அவள் சிரித்த அதே விரலுக்கு.

எனக்குக் காசு வேண்டாம். அவள் உப்பளத்தில் நிற்கிற போட்டோ ஒன்றுகூட எங்கள் வீட்டில் இல்லை. ஆதார் அட்டையில் இருப்பதைப் பார்த்தால் அவள் என்றே தெரியாது. இந்தப் படம்தான் இருந்தது. அதையும் யாராகவுமே இல்லாத ஒரு பொம்பளை ஆக்கிவிட்டீர்கள்.

உங்கள் உப்பு வியாபாரிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஒரு காலுக்குக் கறுப்பும் ஒரு காலுக்கு நீலமும் போடச் சொல்லி உங்கள் கம்ப்யூட்டருக்குச் சொன்னது யார்? அந்தப் பெண் யார்?