இணைப்பில்லாத கல்

பிளீச்சிங் பவுடரின் நெடிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. தேஹு ரோட்டில் எங்கள் வீட்டுச் சமையல் மேடைக்கு (மராத்திக்காரர்களைப் போல் நாங்களும் அதை 'ஓட்டா' என்றுதான் சொல்வோம்) வெள்ளை டைல்ஸ் பதித்திருந்தார்கள்; டைல்களுக்கு நடுவே இருந்த சிமென்ட் கோடுகளில் மஞ்சளும் எண்ணெயும் இறங்கிக் கறுத்துக் கிடந்தன. என் தம்பி வாசு இரண்டு வயதில் வயிற்றுப்போக்கில் இறந்துபோன பிறகு, அம்மா அந்தக் கோடுகளைப் பழைய டூத்பிரஷ்ஷால் காலையும் மாலையும் தேய்க்கத் தொடங்கினாள்.

"தண்ணியாலதான்னு டாக்டரே சொன்னாரே," என்பார் ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்த அப்பா. அம்மா தேய்த்துக்கொண்டே இருப்பாள். மேடையில் எதையும் வைக்க அவள் விடாததால், அப்பாவே தரையில் ஸ்டவ்வை வைத்துச் சமைத்தார். நான் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனேன். வீட்டில் யாரும் அழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேடையை உடைத்துவிட்டு வேறு கல் போடுவதென்று முடிவுசெய்து, எங்கள் இருவரையும் அப்பா ஷேர் ஆட்டோவில் கல் கடைக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் பளபளக்கும் வெள்ளைப் பளிங்கைக் காட்டினார். அம்மா பையிலிருந்து ஓர் எலுமிச்சை மூடியை எடுத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்தாள். "அரே பாபிஜி, க்யா கர் ரஹீ ஹோ!" என்ன செய்கிறீர்கள் என்று அவர் இந்தியில் பதறி ஓடிவந்து துடைத்தபோது, தேய்த்த இடம் மங்கிப்போயிருந்தது. அடுத்து அவள் கறுப்பு கிரானைட்டில் தேய்த்து, முந்தானையால் துடைத்து, குனிந்து பார்த்தாள். தடமே இல்லை.

"இதுதாங்க. ஒரே பலகையா இருக்கணும். நடுவுல எங்கயும் ஒட்டு வேண்டாம்," என்றாள். பல வாரங்களில் அவள் அத்தனை வார்த்தைகள் பேசி நான் கேட்டது அன்றுதான்.

கல் பதித்து ஈரம் காய்ந்த அன்று, அம்மா ஈரத்துணியால் மேடையை ஒருமுறை துடைத்தாள். பிறகு கையில் துணியோடு அப்படியே நின்றாள்.

"தேய்க்கறதுக்கு ஒண்ணுமே இல்லையேங்க," என்றாள்.

அப்பா துணியை வாங்கிக்கொண்டார். அவள் தரையில் உட்கார்ந்து, வாசு போன பிறகு முதல்முறையாக, வாய்விட்டு அழுதாள். வாசற்படியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, பசித்தது, அவ்வளவுதான். மறுநாள் அம்மா அந்த மேடையில் ரசம் வைத்தாள்.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. விற்ற வீட்டை வாங்கியவர்கள் இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டியிருக்கிறார்கள். அந்த மேடையின் நீளத்தை, அதன் விளிம்பின் வளைவை இன்றும் என்னால் காகிதத்தில் வரைந்து காட்ட முடியும். வாசுவின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், வருவதில்லை.