கீறலைப் பொறுக்காத பெயிண்டர்

விமானத்துக்குப் பூச்சு செய்கிறேன் என்று சொன்னால் எங்கள் பிளாக்கில் யாரும் நம்பவில்லை. நெய்வேலியில் வேலை என்றால் சுரங்கம், இல்லையென்றால் அனல்மின் நிலையம். நானோ தினமும் காலையில் வடலூர், குறிஞ்சிப்பாடி வழியாகக் கடலூர் பஸ்ஸில் போய், ஒரு சின்னப் பெயிண்ட் கம்பெனியின் ஆய்வகத்தில் டப்பாக்களைக் கலக்கிவிட்டு வருகிறவள்.

விமானப் பெயிண்டில் பெரும்பங்கு தின்னர் மாதிரியான கரைப்பான்தான். அடித்ததும் அது காற்றோடு போய்விடும். போகிற வழியில் அடிப்பவரின் நெஞ்சுக்குள்ளும் போகும். அதற்குப் பதிலாகத் தண்ணீரைக் கொண்டு ஒரு பூச்சு செய்யும் வேலையை எங்கள் மூன்று பேரிடம் விட்டிருந்தார்கள். மேலாளருக்கு இதில் நம்பிக்கை கிடையாது. தண்ணீரில் கலந்தது முதல் மழைக்கே போய்விடும் என்று அவர் கிண்டலடித்தார். அந்த எரிச்சலில், நான்கு அலுமினியத் தகடுகளில் பூசி எடுத்துவந்து எங்கள் குவார்ட்டர்ஸ் மொட்டைமாடியில் சாய்த்து வைத்தேன். அப்போது தை மாதம். ஒவ்வொரு தகட்டிலும் பெருக்கல் குறி போல ஒரு கீறல் போட்டிருந்தேன். கீறல் வழியாக ஈரம் புகுந்து பூச்சைத் தூக்குகிறதா என்று ஆறு மாதம் பார்க்க வேண்டும். தூக்கவில்லையென்றால் வேலை தொடரும். தூக்கினால் எங்கள் பூச்சுக்கு மூடுவிழா.

கீழ்வீட்டில் ஒரு கத்தோலிக்கக் குடும்பம். மனைவி சுரங்க நிறுவனத்தில் பர்மனென்ட் ஊழியர். அந்த உரிமையில்தான் குவார்ட்டர்ஸ். கணவர் காண்ட்ராக்ட் பெயிண்டர். அந்த அம்மாவுக்கு வீசிங் உண்டு, பெயிண்ட் வாடையே ஆகாது. அதனால் பெயிண்டர் வேலை முடிந்து வந்தால் பின்பக்கம் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார். சட்டை வெளிக்கொடியிலேயே கிடக்கும். வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் அந்த அம்மா ஒரு வாரம் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் மாடிக்குப் போனால், தகடுகளில் கீறலைக் காணோம். நான்கும் வழவழவென்று இருந்தன. துணி காயப்போட வந்த கீழ்வீட்டுப் பெயிண்டர், எந்தப் பிள்ளையோ கீறிவிட்டது என்று நினைத்து எங்கள் வீட்டுக் கதவைத் தட்டிப் பெயிண்ட் கேட்டிருக்கிறார். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்கிக்கொண்டிருந்த என் கணவர், அலமாரியில் நான் வைத்திருந்த எங்கள் பூச்சின் மாதிரி டப்பாவை அரைத்தூக்கத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு மறுபடியும் படுத்துவிட்டார்.

கணவரை ஒரு வாங்கு வாங்கிவிட்டு, படியிறங்கிப் போய்ப் பெயிண்டரிடமும் கத்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"கீறல் கெடந்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது மேடம். தெரியாம பண்ணிட்டேன்" என்றார். அப்புறம், கேட்கலாமா கூடாதா என்று தயங்கிவிட்டு, "அது என்னா பெயிண்ட்டுங்க? அடிச்சிட்டு மறதியில நேரா வூட்டுக்குள்ள போயிட்டேன். இவ ஒரு தும்மல்கூடப் போடல" என்றார்.

என் கோபம் அங்கேயே பாதி இறங்கிவிட்டது. மறுநாள் மேலாளரிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். சிரித்து முடித்துவிட்டு இன்னும் ஆறு மாதம் கொடுத்தார். புதுத் தகடுகளில் நான் கீறல் போடும்போது பெயிண்டரைப் பக்கத்தில் நிற்கவைத்தேன். பார்க்கப் பொறுக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அந்த ஆறு மாதமும் மாடிக்குக் காவல் அவர்தான். வடாம் காயவைக்க வந்தவர்களைக்கூட அந்த மூலைக்கு விடவில்லை. என் கணவரையும்தான்.

ஐப்பசி மழை முழுவதையும் பூச்சு தாங்கியது. கீறல் ஓரத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லை. விமானத்தில் ஏற இன்னும் எத்தனையோ சோதனைகள் பாக்கி இருந்தன. இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மேலாளர் அடுத்த கட்டத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்றே, மீந்த டப்பாக்களைக் கேட்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் முன்பு கீழ்வீட்டில் எட்டிப் பார்த்தேன். கதவுகள் எல்லாம் விமானச் சாம்பல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தன. அந்த அம்மா தங்கை வீட்டுக்குப் போகவில்லை. கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரிந்தும் கணவர் மேலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"கல்யாணமாகி இருபத்தி மூணு வருசம் ஆவுதும்மா. இவரு பெயிண்ட் அடிக்கிறத இன்னைக்குத்தான் பாக்குறேன்."

பெயிண்டர் திரும்பவில்லை. அடித்து முடித்த கதவையே மறுபடியும் மெதுவாக அடித்துக்கொண்டிருந்தார்.