பால் போட்ட முத்திரை

எங்கள் அண்ணிக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. சமையலில் உப்பு குறைந்தால் வாய்க்கு முன்னால் முகம் சொல்லிவிடும். பரம்பரை நோய்களுக்கான ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், கல்யாணத்துக்கு முன்பிருந்தே வேலை. அண்ணனைவிட, துளித்துளியாக அளந்தெடுக்கும் பைபெட்டைத்தான் அதிகம் நம்புகிறார் என்று வீட்டில் கேலி செய்வோம். "அது சொன்ன அளவை மாத்திப் பேசாதுல்ல!" என்பார்.

என் மகள் நடக்கும்போது தள்ளாட ஆரம்பித்தாள். டாக்டர் அவள் ரத்தத்தை அந்தக் கூடத்துக்கே அனுப்பினார். என்ன பார்க்கப் போகிறார்கள் என்று அண்ணியிடம் கேட்டேன்.

"நம்ம டிஎன்ஏ தினமும் எங்கேயாவது அறுந்துக்கிட்டேதான் இருக்கும்" என்றார் அண்ணி. "அறுந்ததும் கைனேஸ்னு ஒரு நொதி ஓடிவந்து, பக்கத்துப் புரதங்கள் மேல பாஸ்பேட் முத்திரை குத்தும். அதைப் பார்த்துத்தான் ஒட்டுற கூட்டமே வரும். அந்தக் கைனேஸ் பாப்பாகிட்ட இருக்கான்னு பார்க்கப் போறோம்."

இல்லையென்றால் நடை வருடா வருடம் மோசமாகும், குணமாக்க வழியில்லை. அதையும் அண்ணி மறைக்கவில்லை.

கூடத்தில் வேலை செய்யும் இன்னொரு பெண்தான் சோதித்தாள். ரத்த அணுக்களில் பாதிக்குக் கதிர் பாய்ச்சி டிஎன்ஏவை உடைப்பார்கள். பிறகு அணுக்களின் புரதங்களைப் பிரித்து ஒரு சவ்வுத் தாளில் ஏற்றுவார்கள்; முத்திரை விழுந்திருந்தால் அதில் கறுப்புப் பட்டை தெரியும். தெரிந்தது! சந்தோஷத்தில் அழுதே விட்டேன்.

சாயங்காலம் அண்ணி வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அந்த முடிவு செல்லாது. கதிர் படாத பாதியிலயும் பட்டை இருக்கு. உடையாத இடத்துல எதுக்கு முத்திரை? மத்த டெஸ்ட்டுக்கு, தேடுற மருந்து கண்ட இடத்துல ஒட்டாம இருக்கத் தாளைப் பால் பவுடர் கரைசல்ல ஊற வைப்போம். பழக்க தோஷத்துல அந்தப் பொண்ணு இதுக்கும் பாலையே கரைச்சுட்டா. பால் புரதத்துலயே பாஸ்பேட் இருக்கு. நாம பார்த்தது பாலைத்தான்."

"உங்களுக்கு மனசே கிடையாதா அண்ணி? நல்ல சேதியைப் பிடுங்கிட்டுப் போகவா வந்தீங்க?" என்று கத்தினேன்.

"நல்லா திட்டு. பொய்யான நல்ல சேதி உனக்கு வேண்டாம். நானே மறுபடி செய்யறேன்" என்றார். அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு, உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார் மகராசி!

பால் இல்லாமல் சோதித்துவிட்டு ஃபோன் செய்தார்.

"கதிர் படாத பக்கம் சுத்தமா வெள்ளை. பட்ட பக்கம் கருகருன்னு பட்டை. கைனேஸ் ஜம்முன்னு வேலை செய்யுது. தள்ளாட்டத்துக்கு வேற காரணம் இருக்கு, அதைக் கண்டுபிடிச்சிடலாம்."

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி கேட்டது.

"அண்ணி, அழறீங்களா?"

"பின்னே? பட்டை இல்லாம போயிருந்தா, அதையும் நான்தானேடி உன்கிட்ட வந்து சொல்லியிருக்கணும்?"